சொன்னவர் முகம்: சிறுதொழிலில் வாய்மொழிப் பரிந்துரை

கல்யாணச் சமையல்காரர், தையற்காரர், பாட்டு வாத்தியார், பல் மருத்துவர், தண்ணீர் மோட்டார் மெக்கானிக் ஆகியோரிடம் முதல்முறையாகப் போகிறவர் யாரையாவது கேட்டுவிட்டுத்தான் போகிறார். விளம்பரத்தைப் பார்த்து பிரஷர் குக்கர் வாங்குகிற அதே மனிதர், மகளின் கல்யாணத்துக்குச் சமையல் ஆள் தேடும்போது நாலு வீட்டில் விசாரிக்கிறார். அந்த விசாரிப்பும் அதற்குக் கிடைக்கும் பதிலும் சேர்ந்ததே வாய்மொழிப் பரிந்துரை. விளம்பரம் செய்ய வசதியில்லாதவரின் மலிவான மாற்றுவழி என்று இதைக் கருதுவோர் உண்டு. அந்தக் கருத்து தொழிலின் பக்கமிருந்து மட்டும் பார்ப்பதால் வருவது. வாங்குகிறவரின் பக்கமிருந்து பார்த்தால், கையிலிருக்கும் காசை யாரிடம் கொடுக்கலாம் என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள அவருக்கு இருக்கும் ஒரே நம்பகமான வழி அது.

அந்த ஐயம் எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவில் எழுவதில்லை. பொருளியலாளர் ஃபிலிப் நெல்சன் 1970இல் பொருள்களை இரண்டு வகையாகப் பிரித்தார்: வாங்குமுன் பார்த்தே தரம் அறியக்கூடியவை, பயன்படுத்தினால்தான் தரம் தெரிபவை. 1973இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவது வகையைச் சேர்த்தார்கள். பயன்படுத்திய பிறகும் வாங்கியவருக்குத் தரம் தெரியாதவை அவை. துண்டு முதல் வகை. தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஓட்டல் சாம்பார் இரண்டாம் வகை. மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும் என்று மெக்கானிக் சொல்வதும், பல்லுக்கு வேர் சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொல்வதும் மூன்றாம் வகை. காயில் கட்டிய பின் மோட்டார் ஓடுகிறது. ஆனால் கட்டாமலேயே ஓடியிருக்குமா என்பது வீட்டுக்காரருக்குக் கடைசிவரை தெரியாது. சிறுதொழில்களில் பெரும்பகுதி இந்த இரண்டாம், மூன்றாம் வகைகளில் அடங்குகிறது. பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இப்படிப்பட்ட சந்தையில் நல்ல விற்பனையாளருக்கு நேரும் கேட்டை விளக்கியது. தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் எல்லோரையும் சந்தேகித்து எல்லோருக்கும் குறைந்த விலையே தர முன்வருகிறார். நேர்மையானவர் கட்டுப்படியாகாமல் விலகுகிறார். பெரிய நிறுவனங்கள் வணிகப்பெயராலும் உத்தரவாதச் சீட்டாலும் இந்தச் சந்தேகத்தைச் சமாளிக்கின்றன. தெருமுனைத் தையற்காரருக்கு அதெல்லாம் இல்லை. அவரிடம் ஏற்கெனவே துணி தைத்தவரின் வாய்தான் அவருக்கு உத்தரவாதச் சீட்டு.

இந்த வாய்ச்சொல் எப்படிப் பயணிக்கிறது என்ற ஆராய்ச்சி விவசாயத்தில்தான் முதலில் வலுவாக வேரூன்றியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1928 முதல் கலப்பின மக்காச்சோள விதை விற்பனைக்கு வந்தது. விளைச்சல் கூடுதல் என்று தெரிந்தும் விவசாயிகள் உடனே மாறவில்லை. ஆண்டுதோறும் புது விதைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது தயக்கத்துக்கு ஒரு காரணம். பிரைஸ் ரயனும் நீல் கிராஸும் இரண்டு ஊர்களில் 259 விவசாயிகளை விசாரித்து 1943இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் தெளிவாக வெளிப்பட்டது. புது விதையைப் பற்றிய செய்தியைப் பலருக்கு முதலில் கொண்டுவந்தவர் விற்பனைப் பிரதிநிதி. விதைத்துப் பார்க்கும் துணிவைக் கொடுத்தவரோ பக்கத்து வயல்காரர். செய்தி அறிவது ஒன்று, முடிவெடுப்பது வேறு. இரண்டாவதற்குத் தன்னைப் போன்ற ஒருவர் செய்து பார்த்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் எலிஹு காட்ஸும் இலினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் நடந்த ஆய்வை 1955இல் நூலாக்கினார்கள். சுமார் 800 பெண்களிடம் 1945இல் திரட்டிய தகவல் அது. வீட்டுச் சாமான் வாங்குவதில் யார் பேச்சுக்கு மதிப்பு என்று பார்த்தபோது, பணக்காரர்களோ அதிகம் படித்தவர்களோ முன்னால் நிற்கவில்லை. பெரிய குடும்பத்தை நடத்தும் இல்லத்தரசியே மற்றப் பெண்களுக்கு ஆலோசகராக இருந்தார். அவர் நிறைய வாங்குகிறார், நிறையத் தவறு செய்து கற்றிருக்கிறார், கேட்பவரின் வரவுசெலவை ஒத்த வரவுசெலவு அவருக்கும் இருக்கிறது. புகழ்பெற்ற முகத்தைத் தேடி அலையும் சிறுதொழில்காரர் கவனிக்க வேண்டிய முடிவு இது. 1954இல் வில்லியம் வைட் ‘ஃபார்ச்சூன்’ இதழில் எழுதிய கட்டுரை இதே உண்மையைக் கண்ணால் காணும்படி காட்டியது. பிலடெல்ஃபியாவில் ஒரே மாதிரி வீடுகள், ஏறத்தாழ ஒரே வருமானம் கொண்ட தெருக்களில், ஏ.சி. பெட்டிகள் சில வரிசைகளில் கொத்துக் கொத்தாகவும் அடுத்த வரிசையில் அரிதாகவும் இருந்தன. அண்டைவீட்டுப் பேச்சு ஓடிய வழியே ஏ.சி.யும் போயிருந்தது.

சிறுதொழிலுக்கு மிக நெருக்கமான ஆய்வு ஜாக்குலின் பிரவுனும் பீட்டர் ரைங்கனும் 1987இல் வெளியிட்டது. தங்கள் வருமானத்துக்குப் பரிந்துரையை நம்பியிருந்த மூன்று பியானோ ஆசிரியர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாணவரும் யார் சொல்லி வந்தார், அவருக்கு யார் சொன்னார் என்று சங்கிலியைப் பின்னோக்கித் தொடர்ந்து போனார்கள். கிடைத்த முடிவுக்கு இரண்டு பக்கம் உண்டு. முடிவெடுப்பதில் அதிகச் செல்வாக்குச் செலுத்தியது நெருங்கிய உறவும் நட்பும். ஆனால் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குப் பேச்சைத் தாண்டவைத்தது அரைகுறைப் பழக்கம். மார்க் கிரனோவெட்டர் 1973இல் சொன்ன கருத்து இங்கே கண்கூடானது: நெருங்கியவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறார்கள்; புதிய தகவல் தூரத்துப் பழக்கத்தின் வழியாகவே வருகிறது. பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள், தினமும் ஒரே மின்சார ரயிலில் போகிறவர்கள், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாம் இத்தகைய அரைகுறைப் பழக்கக்காரர்கள். வீணை ஆசிரியர் ஒருவருக்கு ஒரே அடுக்ககத்திலிருந்து பத்து மாணவர்கள் வருவதைவிட, பத்து அடுக்ககங்களிலிருந்து ஒவ்வொருவர் வருவது நீண்ட நாளில் கூடுதல் பலன் தரும்.

தமிழ்நாட்டில் இந்தத் தாண்டுதல் மிகத் தீவிரமாக நடக்கும் இடம் கல்யாண மண்டபம். சில நூறு பேர் ஒரே வேளையில் ஒரே சமையலைச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் பல ஊர், பல அலுவலகம், பல தெருக்களைச் சேர்ந்தவர்கள். இரண்டு குடும்பங்களுக்குத் தெரிந்தவர்கள் என்பதைத் தவிர ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்கள். அவர்களில் அடுத்த தையிலோ ஆவணியிலோ தம் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர் கைகழுவும்போது கேட்கிறார்: “சமையல் யாரு?” அவர் ரசத்தை ருசித்ததோடு பரிமாறுவோரின் பழக்கத்தையும் பார்த்திருக்கிறார், வெறும் இலையோடு யாராவது காத்திருந்தார்களா என்பதையும் பார்த்திருக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் முதல் பந்தியை வைத்து எடைபோடுவதில்லை. கடைசிப் பந்தியில் பாயசம் இருந்ததா, அப்பளம் நொறுங்காமல் வந்ததா என்று பார்க்கிறார்கள். சமையல்காரருக்கு ஆடியும் மார்கழியும் வேலையற்ற மாதங்கள் என்பதால், வைகாசிப் பந்தியில் கிடைத்த பெயரே ஆவணி முகூர்த்தத்துக்கான முன்பணமாக மாற வேண்டும். சாப்பிட்டவர் கேட்ட அந்த ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோகிறது. பந்தி வாசலில் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட சிறு அட்டைகளை வைப்பது சின்னக் காரியம்தான். பேச்சு எழுகிற இடத்திலேயே அதற்குத் துணை நிற்கிறது என்பதால் பெரிய பலன் தருகிறது.

எல்லாத் தொழிலுக்கும் பந்தி வாய்ப்பதில்லை. ஜோனா பெர்கரும் எரிக் ஷ்வார்ட்ஸும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, கண்ணில் படுவதும் அன்றாடச் சூழல் அடிக்கடி நினைவூட்டுவதுமே தொடர்ந்து பேசப்படுகின்றன என்று காட்டியது. குழாய் பழுதுபார்ப்பவரைப் பற்றி யாரும் சாவகாசமாகப் பேசுவதில்லை; குழாய் ஒழுகும்போதுதான் நினைக்கிறார்கள், அப்போது எண் கிடைப்பதில்லை. மோட்டார் சுவிட்சுப் பெட்டியின் மூடியில் எலக்ட்ரீஷியன் தம் பெயரையும் எண்ணையும் எழுதிவைக்கும் வழக்கம் இந்தச் சிக்கலுக்கு நம் தெருக்களே கண்டுபிடித்த தீர்வு. வீட்டுக்காரருக்கு மட்டுமன்றி, “உங்க வீட்டு மோட்டாரை யார் பார்க்கிறாங்க?” என்று கேட்டுவரும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது பயன்படுகிறது.

இனி மையமான கேள்வி. கேட்டவருக்குப் பதில் சொல்வதால் சொன்னவருக்கு என்ன கிடைக்கிறது? எர்னெஸ்ட் டிக்டர் 1966இல் ‘ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூ’ இதழில் இதற்கு நான்கு காரணங்கள் சொன்னார்: பொருள் தந்த மகிழ்ச்சி தானாகப் பொங்குவது, தன் விவரமறிந்த நிலையை வெளிக்காட்டும் விருப்பம், மற்றவருக்கு உதவும் எண்ணம், விளம்பரமே சுவையாக இருந்து பேசவைப்பது. கடைசியானது சிறுதொழிலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. முதல் மூன்றும் பொருந்துகின்றன. ஆனால் டிக்டர் பட்டியலிட்டது வரவை. சொல்பவருக்குச் செலவும் உண்டு. அவர் தம் மதிப்பைப் பணயம் வைக்கிறார். பரிந்துரைத்த தையற்காரர் ரவிக்கையைக் கெடுத்துவிட்டால், “நீங்க சொன்னீங்கன்னுதான் கொடுத்தேன்” என்ற வார்த்தை தையற்காரரிடம் போகாது, பரிந்துரைத்தவரிடம் வரும். உறவுக்குள் என்றால் அது பல ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே பரிந்துரைப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர், அந்தக் கடை மிகச் சிறப்பாகச் செய்த நாளை நினைப்பதைவிட, மோசமாகச் செய்யக்கூடிய நாளைத்தான் நினைக்கிறார். தமக்குப் பிடித்த கடையைக்கூட “எனக்குச் சரியா இருக்கு, உங்களுக்கு எப்படியோ” என்று இழுத்துச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். பத்தில் எட்டு முறை அபாரமாகவும் இரண்டு முறை சொதப்பலாகவும் வேலை செய்கிறவர் சொந்த வாடிக்கையாளரை வைத்துக்கொள்ளலாம். அந்த வாடிக்கையாளர் மூலம் இன்னொருவரைப் பெறுவது கடினம். பத்து முறையும் ஒரே தரத்தில், சொன்ன நாளில் கொடுக்கிறவருக்கே அடுத்தவர் துணிந்து ஆள் அனுப்புவார். வாய்மொழிப் பரிந்துரையை நம்பும் தொழிலின் முதல் கடமை, தன்னைப் பரிந்துரைத்தவரின் முகத்தைக் காப்பாற்றுவது. மற்ற உத்திகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் தையற்கடைகளில் நடப்பது இதற்குத் தக்க சான்று. வருகிற துணியையெல்லாம் வாங்கிக்கொள்ளும் கடை அந்த மாதம் கூடுதலாகச் சம்பாதிக்கிறது. ஆனால் கைகள் கூடவில்லை, மணிநேரம் கூடவில்லை. அளவு பார்க்காமல் வெட்டும் அவசரம், பழகாத கையிடம் பொத்தான் வேலை, பண்டிகைக்கு முதல்நாள் இரவு பதினொரு மணிக்கு வாசலில் கூட்டம். கைவிடப்படுகிறவர் பெரும்பாலும் புதிதாக வந்தவர்தான், ஏனென்றால் பழைய வாடிக்கையாளர் உரிமையோடு சண்டை போடுகிறார். புதிதாக வந்தவர் பரிந்துரையின் பேரில் வந்தவர். இரண்டு உறவு ஒரே நேரத்தில் முறிகிறது. குறிப்பிட்ட தேதிக்குமேல் துணி வாங்குவதில்லை என்று பலகை மாட்டும் தையற்காரர் கண்ணெதிரே வரும்படியை விடுகிறார். அதற்கு ஈடாக, அவரைப் பற்றிச் சொல்லப்படும் சொல் பொய்க்காமல் இருக்கிறது. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலருகே உள்ள அல்வாக்கடையான இருட்டுக்கடை மாலை நேர வியாபாரத்துக்கே பெயர்பெற்றது. கேட்கும் அளவுக்கெல்லாம் விரியாமல், கிண்டக்கூடிய அளவு அல்வாவை மட்டும் விற்ற ஒழுங்கும் அதன் பெயருக்கு ஒரு துணை என்று கொள்வதற்கு இடமுண்டு.

தவறு நேராத தொழில் இல்லை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், மனம் குறைந்த வாடிக்கையாளருக்கு இரண்டு வழி உண்டு என்றார்: வாய்திறந்து குறை சொல்வது, அல்லது சொல்லாமல் விலகுவது. நம் ஊரில் இரண்டாவதே அதிகம். முகத்துக்கு நேரே சொல்லக் கூசி, பிறகு பத்துப் பேரிடம் சொல்வார்கள். எனவே குறையைக் கடைக்காரரிடமே வந்து சொல்பவர் அவருக்கு நன்மை செய்கிறார். குறையைத் தாமதமின்றிச் சரிசெய்தால் பழைய மதிப்பு மீள்வதுண்டு, சில சமயம் அதற்கு மேலும் உயர்வதுண்டு. ஆனால் ஜேம்ஸ் மாக்ஸமும் ரிச்சர்டு நெட்மேயரும் 2002இல் காட்டியபடி, இந்தச் சலுகை ஒருமுறைக்குத்தான். இரண்டாம் முறை தவறும்போது, நன்றாகச் சரிசெய்தாலும் பழைய நிலை திரும்புவதில்லை.

ஆள் சேர்த்துவிடுகிறவருக்குப் பரிசு தரலாமா என்ற கேள்விக்கு நேரான ஒரே பதில் இல்லை. ஜெர்மானிய வங்கி ஒன்றின் ஏறத்தாழ 10,000 வாடிக்கையாளர்களை ஆராய்ந்து ஷ்மிட், ஸ்கீரா, வான் டென் பல்ட் ஆகியோர் 2011இல் வெளியிட்ட முடிவின்படி, வெகுமதித் திட்டத்தின் மூலம் பரிந்துரைக்கப்பட்டு வந்தவர்கள் மற்றவர்களைவிட நெடுநாள் தங்கினார்கள். சராசரியில் குறைந்தது 16 விழுக்காடு கூடுதல் மதிப்புள்ளவர்களாகவும் இருந்தார்கள். பரிந்துரைப்பவர் இன்னாருக்கு இது பொருந்தும் என்று அறிந்து அனுப்புவதும், தாமும் அங்கேயே வாடிக்கையாளராக இருப்பதும் இதற்குக் காரணங்களாகக் கொள்ளத்தக்கவை. அந்த வெகுமதி வெளிப்படையானது என்பதை மறக்கக் கூடாது. மறைவான கமிஷன் வேறு சங்கதி. வீடு கட்டுகிறவர் எந்தக் கம்பி, எந்தக் குழாய் வாங்குவது என்று மேஸ்திரியைக் கேட்கிறார்; மேஸ்திரி ஹார்டுவேர் கடையிடம் பங்கு வாங்குகிறார் என்றால், வீட்டுக்காரர் நட்பான ஆலோசனை என்று நினைத்துப் பெற்றது விற்பனைப் பேச்சு. மருத்துவரும் பரிசோதனை நிலையமும் இப்படிப் பங்கிட்டுக்கொள்ளும்போது கேடு பணத்தோடு நிற்பதில்லை. தரத்தை வாங்குபவரால் அறியவே முடியாத மூன்றாம் வகைத் தொழில்களில்தான் இந்த வழக்கம் செழிக்கிறது, அங்கேதான் அது மிகவும் தீங்கானது. சிறுகடை பரிசு தர விரும்பினால், அனுப்பியவருக்கும் வந்தவருக்கும் தெரியும்படி, இருவருக்கும் தள்ளுபடியாகத் தருவதே முறை. அப்போது அனுப்பியவர் கூசாமல் சொல்லலாம். நட்பையே விற்பனைக் களமாக்கிய முறைகளும் உண்டு. 1951இல் டப்பர்வேர் தன் டப்பாக்களைக் கடைகளிலிருந்து விலக்கி, பிரவுனி வைஸ் தலைமையில் வீட்டுவிருந்துகளில் மட்டும் விற்கத் தொடங்கியது. பொருளை இயக்கிக் காட்டியதும் அழைத்தவரிடம் மறுக்கத் தயங்கும் மனமும் சேர்ந்து விற்றன. பொருள் நல்லதாக இருந்தவரை உறவு தாங்கியது. சங்கிலித் தொடர் வியாபாரம் என்ற பெயரில் பின்னாளில் வந்த பலவற்றில் உறவுதான் நொறுங்கியது.

இன்று வாய்ச்சொல் எழுத்தாகவும் நட்சத்திரமாகவும் தெரிகிறது. மைக்கேல் லூகா, சியாட்டில் நகர உணவகங்களின் வருவாயையும் யெல்ப் இணையதள மதிப்பீடுகளையும் ஒப்பிட்டு, ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு உயர்கிறது என்று கண்டார். அந்த உயர்வு தனி உரிமையாளர் நடத்தும் உணவகங்களில்தான் தெரிந்தது. சங்கிலி உணவகங்களில் விளைவில்லை. அவற்றின் தரம் முன்பே எல்லோருக்கும் தெரிந்தது. முகமறியாதவரின் சொல் அறியப்படாத சிறுகடைக்கே அதிகம் உதவுகிறது என்பது நல்ல செய்தி. அதே காரணத்தால் பொய் எழுதும் ஆசையும் அங்கேதான் அதிகம். மேஸ்லின், டோவர், செவாலியர் ஆகிய மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, அறை எடுத்துத் தங்கியவர் மட்டும் எழுதக்கூடிய எக்ஸ்பீடியா தளத்தையும் யாரும் எழுதக்கூடிய டிரிப்அட்வைசர் தளத்தையும் ஒப்பிட்டது. தனியார் சிறு விடுதிகளுக்கு இரண்டாவதில் புகழுரை மிகுந்திருந்தது. அவற்றின் அண்டை விடுதிகளுக்கு வசை மிகுந்திருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை இணைய மதிப்புரைகளுக்காகவே வெளியிட்டது. பெயர் தெரிந்த அண்டைவீட்டார் பொய் சொன்னால் பிடிபடுவார், அதற்கு விலையும் கொடுப்பார். எழுத்து மதிப்புரையில் அந்தப் பணயம் இல்லை. அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் “நல்ல கார்பெண்டர் யாராவது?” என்று கேட்டுப் பெறும் பதில் நட்சத்திரங்களைவிட நம்பப்படுவது இதனால்தான், எழுதியவரை நாளை மின்தூக்கியில் சந்திக்க முடியும்.

பரிந்துரை ஒரு கடையைத் தாண்டி ஓர் ஊருக்கே சேர்வதும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு ஆகியவை முறையே 2019, 2020, 2023இல் புவிசார் குறியீடு பெற்றன. ஜான் திரோல் 1996இல் ஆராய்ந்த கூட்டு நற்பெயர்ச் சிக்கல் இங்கே உண்டு. பேருந்து நிற்கும் ஐந்து நிமிடத்தில் வாங்கிப் போகும் பயணி திரும்ப வந்து சண்டை போடப்போவதில்லை. சிக்கு எண்ணெயில் சுட்ட முறுக்கை ஒருவர் விற்றால் லாபம் அவருக்கு, கெட்ட பெயர் ஊரிலுள்ள எல்லோருக்கும். குறியீடு வெளியூர்ப் போலியைத் தடுக்கச் சட்ட ஆயுதம் தருகிறது. உள்ளூர்ச் சோம்பலைத் தடுப்பது உற்பத்தியாளர் சங்கத்தின் கண்டிப்பு மட்டுமே.

வாய்மொழிக்கு ஒரு குறைபாடும் உண்டு, அதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. பேச்சு பழக்கத்தின் வழியே ஓடுகிறது. பழக்கமோ தெரு, சாதி, மதம் என்ற கோடுகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. திறமையான தலித் சமையல்காரர் எத்தனை நல்ல பந்தி நடத்தினாலும் அவர் பெயர் அடுத்த தெரு மண்டபத்துக்குப் போய்ச் சேராமல் நின்றுவிட முடியும். வேற்றூரிலிருந்து வந்து கடை போட்டவருக்கும், சொல்ல ஆளில்லாத முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கும் இதே நிலை. இவர்களுக்கு அச்சுத்தாள், பலகை, கண்காட்சிக் கடை, அரசு கொள்முதல், இணைய மதிப்புரை ஆகியவை இன்றியமையாதவை. “தரம் இருந்தால் தானே பேசப்படும்” என்ற அறிவுரை, பேசும் வட்டத்துக்குள் ஏற்கெனவே இருப்பவருக்கே முழுமையாகப் பொருந்தும்.

தன் பெயர் எந்த வட்டத்தில் சுற்றுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை ஒவ்வொரு கடையும் தானே கண்டறியலாம். பிரவுனும் ரைங்கனும் செய்ததை ஓர் ஆர்டர் நோட்டில் செய்யலாம். புதிதாக வருபவரிடம் “யார் சொல்லி வந்தீங்க?” என்று கேட்டு, பெயர் எழுதும் வரிக்குப் பக்கத்தில் அதையும் எழுதிவைத்தால் போதும். ஓராண்டு நோட்டைப் புரட்டினால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவர்கள் அதிகம் வாங்குகிறவர்களாக இருக்க வேண்டியதில்லை. டேவிட் கோடஸும் டீனா மேஸ்லினும் ஓர் உணவகச் சங்கிலியில் நடத்தி 2009இல் வெளியிட்ட களச் சோதனையில், தீவிர வாடிக்கையாளர்களின் பேச்சைவிட அவ்வளவு தீவிரமில்லாதவர்களின் பேச்சே கூடுதல் விற்பனையைக் கொண்டுவந்தது. தீவிர வாடிக்கையாளரின் நண்பர்களுக்குக் கடை முன்பே தெரிந்திருந்தது. நேற்று முதல்முறை வந்துபோனவருக்குத் தெரிந்தவர்கள் இன்னும் கேள்விப்படாதவர்கள். அவருடைய முதல் வேலையைப் பழைய வாடிக்கையாளரின் வேலைக்குப் பின்னால் தள்ளாமல், குறித்த நாளில் முடித்துக் கொடுப்பதற்கு அந்த நோட்டு ஒரு கணக்கு ஆதாரம். எந்தத் தெருவின், எந்தப் பள்ளியின், எந்தச் சமூகத்தின் பெயர் அதில் ஒருமுறைகூட இல்லையோ, அச்சுத்தாளும் பலகையும் போய்ச் சேர வேண்டிய இடம் அது.